எழுதாமல் விட்ட பத்து நாட்கள்

எங்கள் அலுவலகத்தில் குத்தகை உறுதி என்ற வாடகைப் பத்திரம் தயாரிப்பது மீந்த குழம்பைச் சூடாக்குவது போன்ற வேலை. பழைய உறுதி ஒன்றை எடுப்போம். பெயர், அடையாள அட்டை இலக்கம், வாடகை, எல்லை விபரம் ஆகியவற்றை மாற்றுவோம். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். ஒருமுறை கைத்தொலைபேசிக் கடைக்காரர் ஒருவர், தன் கடைக்குள் மாடு கட்டக் கூடாது என்று உறுதியில் இருப்பது ஏன் என்று கேட்டார். எந்தக் காலத்திலோ எவருடைய மாடோ எங்கள் உறுதிக்குள் நுழைந்து, முப்பது வருடமாக வெளியே போக மறுத்துக்கொண்டிருந்தது.

அலுவலகம் செல்லப்பா சேருடையது. பிறந்தது யாழ்ப்பாணம் என்றாலும் நாற்பது வருடமாகக் கண்டியில் சட்டத்தரணியாகவும் உறுதிகளை அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசாகவும் இருக்கிறார். நான் பிரேமிளா. பத்தொன்பது வருடமாக அவருக்குத் தட்டச்சும் எழுத்து வேலையும் பார்க்கும் லிகிதர். உறுதிகள் ஆங்கிலத்தில் இருக்கும். 'வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது' என்று கடைசிப் பக்கத்தில் சேர் கையொப்பம் வைப்பார். வாசித்து விளங்கப்படுத்துவது நான். சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான்.

போன வருடம் நவம்பரில் பஹ்மி ஹாஜியாரும் யசோதாவும் ஒன்றாக வந்தார்கள். ஹாஜியார் யட்டிநுவர வீதியில் குடையும் பயணப் பையும் விற்கிறவர். கட்டடம் அவருடைய வாப்பா வாங்கியது. கீழே கடை, மேலே நீளமான ஒரு மாடி, வீதியைப் பார்த்து ஆறு ஜன்னல்கள். யசோதா பன்விலப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். பன்னிரண்டு வருடம் ஆடைத் தொழிற்சாலையில் இருந்து, மேற்பார்வையாளராகி, ஒருநாள் வேலையை விட்டுவிட்டு ஐந்து தையல் மெஷின்களை வாங்கியவள். அந்த மெஷின்களை வைக்க இடம் வேண்டியிருந்தது. இரண்டு வருடக் குத்தகை, மாத வாடகை நாற்பத்தையாயிரம்.

அந்த வீதியில் அதே அளவு மாடிக்கு எழுபதாயிரம் போகும். படி செங்குத்தாக இருப்பதால்தான் ஹாஜியார் குறைத்துக் கொடுக்கிறார் என்று யசோதா நினைத்தாள். இதை அவள் பிறகுதான் என்னிடம் சொன்னாள். அன்று கேட்டிருந்தால் நான் சிரித்திருப்பேன், கதையும் அங்கேயே முடிந்திருக்கும்.

வாடகை ஏன் குறைவு என்பது அந்த வீதியில் எல்லோருக்கும் தெரியும். கண்டியின் வருடாந்த யானை ஊர்வலமான பெரஹரா அந்த வழியாகப் போகும். பத்து நாளும் மாலையில் வீதி நிறைந்துவிடும். ஜன்னலோரக் கதிரைக்கு வெளிநாட்டவர்கள் கொடுக்கும் தொகையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். அதனால் மேல்மாடி யாருக்கு வாடகைக்குப் போனாலும், அந்தப் பத்து நாளும் உரிமையாளருக்கே. வாடகைக்கு இருப்பவர் மேசைகளை ஓரத்தில் தள்ளிவிட்டுச் சாவியைக் கொடுப்பார், பதினோராம் நாள் வாங்கிக்கொள்வார். இந்த வழக்கம் எந்த உறுதியிலும் இல்லை. தெரியாதவர் எவரும் அந்த வீதியில் அதுவரை வாடகைக்கு வந்ததில்லை, அவ்வளவுதான் காரணம்.

உறுதி தயாரான அன்று நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அதை இங்கே சொல்லிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் என் பக்கத்தில் சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது.

"ஹாஜியார், பெரஹரா நாள் பத்தி ஒரு வரி போடணுமா?"

"அத எழுதவா வேணும் மிஸ்? பத்து நாளும் மேல் மாடி நமக்கு. வாப்பாட காலத்தில இருந்து அப்பிடித்தானே. கண்டியில யாருக்குத் தெரியா?"

செல்லப்பா சேர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "திகதியும் வருசா வருசம் மாறும். ரெண்டு வருசத்துக்கு என்ன திகதியெண்டு போடுறது? விடுங்கோ பிள்ளை."

விட்டேன். அப்போது யசோதா அறையில் இல்லை. அடையாள அட்டைக்குப் பிரதி எடுக்கக் கீழே போயிருந்தாள். அங்கே பிரதி எடுக்கும் கடையில் மின்சாரம் இல்லாமல் அடுத்த தெருவுக்குப் போய், மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். நான் அவளுக்குப் பதினெட்டு வாசகங்களையும் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். ஒன்பதாவது வாசகம், மேல்மாடி முழுவதும் குத்தகைக்காலம் முழுவதும் குத்தகைக்காரரின் தடையற்ற பாவனைக்கு உரியது என்கிறது. அதைச் சொல்லும்போது எனக்குப் பெரஹரா ஞாபகம் வந்தது. ஹாஜியார் பக்கத்துக் கதிரையில்தான் இருக்கிறார், அவரே சொல்லிக்கொள்வார் என்று பத்தாவதற்குப் போனேன். பகல் சாப்பாட்டு நேரமும் நெருங்கிவிட்டது.

யசோதா இரண்டு கேள்விகள் கேட்டாள். கூரை ஒழுகினால் யார் திருத்துவது? மின்சார மீட்டர் தனியா, சேர்த்தா? இரண்டும் நல்ல கேள்விகள். ஆனால் இருப்பதே தெரியாத ஒன்றைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. கையொப்பம் வைத்தார்கள். ஹாஜியார் எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தார்.

அதன் பிறகு யசோதா அடிக்கடி அலுவலகத்துக்கு வருவாள். சம்பளத்துக்கு ஆறு பெண்களை வைத்துக்கொண்டாள். மூன்று பேர் பன்வில, மூன்று பேர் தெல்தோட்டை. ஏப்ரலில் ஒரு காகிதத்தோடு வந்தாள். தெல்தெனியவுக்கு மேலே, நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி புதிய ஹோட்டல் ஒன்று திறக்கப் போகிறது. ஊழியர்களுக்கான சீருடை நூற்றிருபது சோடி. அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. ஹோட்டல்காரர்கள் அனுப்பிய ஒப்பந்தம் ஒன்றரைப் பக்கம்தான்.

"பாத்துச் சொல்லுங்கக்கா. நான் கையெழுத்துப் போட்டா மாட்டிக்குவேனா?"

நான் பென்சிலால் குறித்துக் கொடுத்தேன். துணி அவர்களுடையதா உங்களுடையதா, அளவு யார் எடுப்பது, துணி பிந்தி வந்தால் தவணை தள்ளிப் போகுமா, எத்தனை சோடியில் பிழை இருந்தால் திருப்பி அனுப்பலாம். எல்லாவற்றையும் கேட்டு எழுதச் சொன்னேன். கேட்டாள், எழுதினார்கள். ஓகஸ்ட் ஐந்தாம் திகதிக்குள் ஒப்படைக்க வேண்டும். பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும் பணத்தில் கழிவு உண்டு. ஐந்து நாளுக்கு மேல் பிந்தினால் முழுவதையும் மறுக்கலாம். மிகத் தெளிவான ஒப்பந்தம். என் கைவேலையைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. அந்த வருடப் பெரஹரா எப்போது என்று ஒரு கலண்டரைப் புரட்டிப் பார்க்கும் புத்தி மட்டும் எனக்கு வரவில்லை.

ஜூலை முதல் வாரம் யசோதா படியேறி வந்தாள். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"அக்கா, பலகை அடிக்கன்னு ரெண்டு தச்சு பாஸ் வந்து ஜன்னலெல்லாம் அளக்குறாங்க. முப்பதாம் தேதில இருந்து பத்து நாளைக்கு மெஷின எல்லாம் கழட்டிக் கீழ எறக்கணுமாம். ஹாஜியார் சொன்னாராம்."

"ஹாஜியார்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். ஒனக்குத் தெரியாதான்னு கேக்குறாரு. எனக்கு யாருக்கா சொன்னது? பெரஹராவ நாங்க கயித்துக்கு அந்தப் பக்கம் ரோட்டுல நின்னு பாத்ததுதான். ஜன்னலுக்கெல்லாம் வாடகை இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நான் கலண்டரைப் புரட்டி நாட்களை எண்ணினேன். பத்து நாள் மெஷின் ஓடாவிட்டால் ஓகஸ்ட் ஐந்தாம் திகதி போய்விடும். பத்தாம் திகதியும் போய்விடும். ஹோட்டல் மறுத்தால் நூற்றிருபது சோடியையும் வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? அந்த ஹோட்டலின் பெயர் தைத்த சட்டையை வேறு யார் போடுவார்கள்? ஐந்து மெஷினில் மூன்று தவணைக்கு வாங்கியவை.

அவள் மெஷின்களை இறக்க மறுத்துவிட்டாள். உறுதியில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று ஹாஜியாரிடம் கேட்டாள். சரியான கேள்வி. அடுத்த வாரம் ஹாஜியார் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். முகம் இறுகியிருந்தது. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். மாதம் இருபத்தையாயிரத்தைச் சும்மா விட்டுக்கொடுக்க அவர் ஒன்றும் தர்மசாலை நடத்தவில்லை. அந்தப் பத்து நாளை நம்பித்தான் குறைத்தார். ஜனவரியிலேயே ஒரு பயண முகவரிடம் முற்பணமும் வாங்கிவிட்டார்.

"நான் சென்னேன் சேர். இந்த எடத்துல ஈந்துதான் சென்னேன். மிஸ்ஸும் கேட்டாங்க."

"ஓம், சொன்னனீங்கள்," என்றார் செல்லப்பா சேர். "ஆனால் எழுத்திலை இல்லை. வழக்கு எண்டு போனால் எழுத்துத்தான் நிக்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் வழக்கு வெல்லத் தேவையில்லை. அந்தப் பத்து நாளைக்கு இடைக்காலத் தடையுத்தரவு ஒண்டு கிடைச்சால் காணும். விசாரணைக்கு வர முதல் பெரஹரா முடிஞ்சிடும்."

அதற்கு, சொன்னதைக் கேட்ட ஒருவருடைய சத்தியக் கடதாசி வேண்டும். கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் வழக்கைத் தாக்கல் செய்யும் சட்டத்தரணி. அவர் தன் வழக்கில் தானே சாட்சியாக முடியாது. மற்றவர் நான்.

சேர் அப்போதே சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். 'மேற்படி குத்தகை உறுதி தயாரிக்கப்பட்ட தினத்தன்று, மேற்படி அலுவலகத்தில் வைத்து, பெரஹரா நடைபெறும் பத்து நாட்களிலும் மேல்மாடி தமது பாவனைக்கு உரியது என உரிமையாளர் கூறியதை நான் என் காதாரக் கேட்டேன்.' நாளைக்குக் காலையில் கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்தச் சமாதான நீதவான் வருவார், அவருக்கு முன்னால் கையொப்பம் வைத்தால் போதும் என்றார். ஹாஜியாரையும் அந்த நேரத்துக்கு வரச் சொன்னார்.

அவர்கள் போன பிறகு அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தினம் சரி, இடம் சரி, கூறியது சரி, கேட்டது சரி. இப்படி ஒரு வாக்கியத்தை அமைக்க நாற்பது வருட அனுபவம் வேண்டும். வழக்கில் இதை வாசிக்கும் நீதிபதி என்ன நினைப்பார்? ஒரு மேசை, மேசையைச் சுற்றி மூன்று நான்கு பேர், யசோதாவும் அதில் ஒருத்தி, ஹாஜியார் சொல்கிறார், அவள் தலையாட்டுகிறாள். வாக்கியத்தில் இது எதுவும் இல்லை. ஆனால் வாசிப்பவர் தானாகவே போட்டுக்கொள்வார்.

எனக்குக் கோபம் வந்தது. சேர் மீது என்று முதலில் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், நவம்பரில் நான் யசோதாவுக்குச் செய்ததும் இதுதான். பதினெட்டு வாசகத்தையும் பொய்யில்லாமல் சொல்லி, ஒன்றை விட்டேன். சேரிடம் நான் கற்றுக்கொண்டது தட்டச்சு மட்டுமில்லை போலும். அந்த வாக்கியத்துக்குக் கீழே இன்னும் இரண்டு வாக்கியங்களைத் தட்டச்சு செய்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஹாஜியார் முதலில் வந்துவிட்டார். சேர் காகிதத்தை எடுத்து வாசித்தார். பேனாவை எடுத்து, நான் சேர்த்த இரண்டு வாக்கியங்களுக்கும் குறுக்கே நேராக ஒரு கோடு இழுத்தார். கோபம் எதுவும் காட்டவில்லை.

"இது தேவையில்லாதது பிள்ளை. இதை எடுத்துப்போட்டுத் திரும்ப அடியுங்கோ."

"அது இல்லாம நான் கையெழுத்து வைக்க மாட்டேன் சேர்."

பத்தொன்பது வருடத்தில் அந்த அறையில் நான் 'மாட்டேன்' என்று சொன்னது அதுவே முதல் தடவை. சேர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாங்கள் பொய் எழுதேல்லையே."

"பொய் இல்லைங்க சேர்."

"பிறகென்ன?"

"அவர் சொன்னப்ப யசோதா இங்க இருக்கல்ல. அதையும் எழுதினாத்தான் சேர் அது முழுசு."

ஹாஜியார் நிமிர்ந்தார். "எங்க போன அந்தப் புள்ள?"

"ஐடென்டிடி கார்ட் கொப்பி எடுக்கப் போயிருந்தாங்க ஹாஜியார். நீங்க எங்கிட்டயும் சேர்கிட்டயுந்தான் சொன்னீங்க."

"இல்ல, இங்க இந்தக் கதிரையில..." என்று தொடங்கி, பக்கத்திலிருந்த வெறும் கதிரையைப் பார்த்தார். அவர் நடிக்கவில்லை. எட்டு மாதமாக அவருடைய ஞாபகத்தில் யசோதா அந்தக் கதிரையில்தான் இருந்திருக்கிறாள். சொன்னோம் என்று நினைப்பவருக்குக் கேட்டவரும் சேர்ந்தே ஞாபகத்தில் வந்துவிடுகிறார்.

"என்னா எழுதியிருக்கீங்க, வாசிங்க," என்றார்.

சேர் வேண்டாம் என்பதுபோல் கையை அசைத்தார். நான் வாசித்தேன். 'உரிமையாளர் அவ்வாறு கூறியபோது குத்தகைக்காரர் அவ்வறையில் இருக்கவில்லை. அவர் திரும்பி வந்து உறுதி அவருக்கு விளங்கப்படுத்தப்பட்டபோது, எனக்கு அது ஞாபகம் இருந்தும், நான் அதை அவருக்குச் சொல்லவில்லை.'

வெளியே பஸ் நடத்துனர் கட்டுகஸ்தோட்டை, கட்டுகஸ்தோட்டை என்று கூவிக்கொண்டிருந்தார். ஹாஜியார் எழுந்தார்.

"அப்ப அந்தப் புள்ளைக்கு யாருமே செல்லல்ல. நானும் செல்லல்ல, நீங்களும் செல்லல்ல." சேரைப் பார்த்து, "இப்ப ஒண்டும் போட வேணாம் சேர். நான் யோசிச்சிட்டு வாறேன்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். சமாதான நீதவான் வந்து, தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினார்.

சேர் என்னோடு இரண்டு நாள் வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை ஹாஜியார் வந்து, சேரின் அறைக்குப் போகாமல் என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"நான் போய் அந்தப் புள்ளயோட பேசினா சரி வருமா மிஸ்?"

"பேசலாம் ஹாஜியார். ஆனா பேசினதை அன்னைக்கே எழுதிடணும்."

"எழுதுவம். எல்லாத்தயும் எழுதுவம்."

அன்று பிற்பகலே மேல்மாடியில் மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்தோம். நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டேன். பழைய உறுதி எதையும் கொண்டுபோகவில்லை. அன்று நான் கேட்ட கேள்விகளில் இரண்டு பேருக்குமே சலிப்புத் தட்டிவிட்டது. பத்து நாளும் கதிரைகள் விற்றாகிவிட்டதா? இல்லை, முதல் ஐந்து நாள் போகும் சிறிய கும்பல் பெரஹராவுக்கு இன்னும் ஒன்றும் விற்கவில்லை. பெரிய ஊர்வலமான ரந்தோலி ஐந்து நாளுக்குத்தான் முற்பணம். முழு மாடியும் வேண்டுமா? ஜன்னல் பக்கம் பாதி போதும். எத்தனை மணியிலிருந்து? ஆட்கள் மூன்று மணிக்குமேல்தான் வருவார்கள். யசோதா, உங்கள் பெண்கள் எத்தனை மணி வரை தைப்பார்கள்?

"அந்த நாள்ல ரோட்டை மூடிடுவாங்கக்கா. ரெண்டு மணிக்கே விட்டாத்தான் பன்வில பஸ் புடிக்கலாம். காலைல ஆறுக்கே வரச் சொல்லிக்கலாம்."

ஹாஜியாரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு மணிக்குப் பிறகு அவளுக்கு அந்த இடம் தேவையே இல்லை. மூன்று மணிக்கு முன் அவருக்கும் தேவையில்லை. இதற்காகச் சட்டத்தரணி, சத்தியக் கடதாசி, தடையுத்தரவு வரைக்கும் போயிருந்தோம். யாரும் யாரிடமும் நேரத்தைக் கேட்கவில்லை.

ஆனாலும் நான் விடவில்லை. மெஷின்களை யார் தள்ளுவது? கதிரைக்கால் பட்டு மெஷின் உடைந்தால் யார் பொறுப்பு? தைத்து வைத்த சட்டைகளை எங்கே பூட்டி வைப்பது, சாவி யாரிடம் இருக்கும்? மழை பெய்தால் ஜன்னலை மூடுவது யார்? ஏதாவது காரணத்தால் திகதி தள்ளிப் போனால்? அடுத்த வருடத் திகதியை எப்படி அறிவது?

"அடுத்த வருசத்துக்கும் இப்பவேயா?" என்றார் ஹாஜியார்.

"அதுக்கும் இப்பவே. பெரஹரா திகதிய அறிவிச்சு ஒரு வாரத்துக்குள்ள நீங்க எழுத்துல கொடுக்கணும். கொடுக்கல்லன்னா அந்த வருசம் உங்களுக்கு ஜன்னல் இல்ல."

அவர் தாடியைத் தடவிக்கொண்டு சரி என்றார். ஜன்னல் பக்கத்தை விட்டுக்கொடுப்பதற்கு ஒரு மாத வாடகை கழிவு என்றும் ஒத்துக்கொண்டார். யசோதா கேட்கவில்லை; அவராகவே சொன்னார். நான் அதையும் எழுதினேன்.

மறுநாள் அதை ஒரு பக்கத்தில் தமிழில் தட்டச்சு செய்து சேரிடம் காட்டினேன். குத்தகை உறுதிக்கு அனுபந்தமாக அவர்தான் அத்தாட்சிப்படுத்த வேண்டும். மேலிருந்து கீழாக இரண்டு தரம் வாசித்தார்.

"உறுதி மாதிரி இல்லை. பள்ளிக்கூட நேரசூசி மாதிரி இருக்கு."

"ஆமாங்க சேர்."

"ஒரு இடத்திலையும் பிழை பிடிக்கேலாமல் கிடக்கு," என்றார், கொஞ்சம் வருத்தத்தோடு. நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

கையொப்பத்துக்கு முன் வாசித்துக் காட்ட யசோதாவிடம் தாளைக் கொண்டுபோனேன். மெஷின்கள் ஏற்கெனவே பின்சுவர்ப் பக்கம் நகர்ந்திருந்தன. எழுபதுக்கு மேல் சட்டைகள் மடித்து அடுக்கப்பட்டிருந்தன. நான் வாயைத் திறக்குமுன் அவள் தாளை என் கையிலிருந்து வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய், ஒவ்வொரு வரியின் கீழும் விரலை வைத்து வாசித்தாள். முடித்துவிட்டு ஒன்றைச் சேர்க்கச் சொன்னாள்.

"கடலைக் கோது, போத்தலெல்லாம் போட்டுட்டுப் போவாங்க. யாரு கூட்டுறதுன்னு இல்லையே?"

நான் மறந்துதான் போயிருந்தேன். விடியற்காலை ஐந்தரைக்கு முன் உரிமையாளர் கூட்டித் தர வேண்டும் என்று எழுதிச் சேர்த்தேன். அவள் சிரித்தாள். இரண்டு வாரத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"நல்லவேள அக்கா, நீங்க இருந்தீங்க. இல்லன்னா நான் மெஷினோட ரோட்டுல நின்னிருப்பேன்."

அந்த இடத்தில் நான் 'பரவாயில்லை' என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். சத்தியக் கடதாசியை யாரும் எங்கும் தாக்கல் செய்யவில்லை. ஹாஜியார் அதை அவளிடம் சொல்லப்போகிறவர் இல்லை; அவருக்கும் அதில் பெருமை எதுவும் இல்லை. சேர் ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆனால் அவள் நன்றி சொன்னது எனக்குத் தாங்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"யசோதா, ஹாஜியார் பெரஹரா நாள் பத்தி அன்னைக்கே சொன்னாரு. நீங்க கொப்பி எடுக்கப் போயிருந்தப்ப. எனக்குத் தெரியும். உங்களுக்கு வாசிச்சுச் சொல்றப்பவும் எனக்கு ஞாபகம் வந்திச்சு. நான் சொல்லல்ல."

"ஏங்கக்கா?"

"அவரே சொல்லிக்குவாருன்னு நெனச்சேன். வேற காரணம் இல்ல."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தாளை மெஷின்மேல் வைத்துக் கையொப்பம் போட்டாள். பேனாவை மூடி என்னிடம் திருப்பித் தந்தாள். பிறகு மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஒரு சட்டைக் கையை ஊசிக்குக் கீழே சரிபார்த்து வைத்தாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"எனக்கு இங்கிலிஷ் வாசிக்க வராதுக்கா. அதனால நீங்க வாசிச்சுக் காட்டினப்ப நான் பேப்பரைப் பாக்கவே இல்ல. ஒங்க மொகத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."